பாலத்துக்காரன் மனைவி

பிஸெர்ட், 10 பிப்ரவரி 1999

அன்புள்ள லுத்பிக்கு,

எம்னா எழுதுகிறேன். அல்லாஹ் உன்னை நல்லபடி வைத்திருப்பான் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பழையபடி. மழை நாளில் பெரியம்மா படியேறும்போதெல்லாம், "இவன் இருந்தா கையப் பிடிச்சிருப்பான்" என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறார்.

இனி தபாலில் எழுதாதே. தய்யிப் அண்ணன் மார்செய் கப்பலில் சமையல்காரராகச் சேர்ந்துவிட்டார். கடிதத்தை அவரே கையோடு கொண்டுவந்து தருவார். யார் பிரித்துப் படிப்பார்களோ என்ற பயம் இல்லாமல் எழுதலாம்.

உன் கடிதத்தில் எல்லாரையும் விசாரித்திருந்தாய். எங்கள் போட்டோ ஸ்டூடியோ முதலாளியின் பூனையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஷாதுலியின் பெயர் மட்டும் இல்லை. ஒன்பது வருடம் நீங்கள் இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் விட்டு வாழ்ந்தது இந்த ஊரில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். கடற்கரைக்கு நான் நடுவில் நடந்து வருவேன். சின்னம்மா மகளுக்குத் துணையாக இரண்டு ஆண்கள் வருகிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். என்னிடமே மறைத்தால் வேறு யாரிடம் கேட்பாய்?

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இன்னும் பாலத்தில்தான் வேலை. கப்பல் வந்தால் பாலத்தைத் தூக்குகிறான், போனால் இறக்குகிறான். போலீஸ்காரர்கள் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்களே, அதிலிருந்து ஊர் வாய் அவனைப் பற்றியும் முணுமுணுக்கிறது. நீ மார்செய்யில் பிறந்தவன், உனக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தது. அவனுக்கு இருப்பது மாத்தர் ஊரில் மூன்று அண்ணன்கள். அவர்கள் அடிக்கடி வந்து போகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். 

உன் சின்னம்மா மகள்,
எம்னா

*

மார்செய், 7 மார்ச் 1999

அன்புள்ள எம்னா,

கடிதமும் நீ கொடுத்தனுப்பிய ஹரிஸா மிளகாய் விழுதும் வந்து சேர்ந்தன. பாட்டில் மூடி கசிந்து தய்யிப் அண்ணனின் சட்டை சிவந்துவிட்டது. "யாரையோ குத்திட்டு வந்தவன்னு கஸ்டம்ஸ்ல பாக்கறாங்கடா" என்று திட்டிக்கொண்டே கொடுத்தார்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க வெள்ளைத் துணி, ஆவி, இரைச்சல். யாரும் யாரோடும் பேச முடியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது.

நீ எழுதியவனைப் பற்றி இனி எழுத வேண்டாம். விமான டிக்கெட் எடுத்த அன்றே அவனிடம் சொல்லிவிட்டேன், என்னை மறந்துவிடு என்று. வீட்டில் பெண் பார்த்தால் கட்டிக்கொள்ளச் சொல். எத்தனையோ பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள். மனதாரத்தான் சொல்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். பாலத்துக் கூண்டுக்குள் பனிக்காற்று அடிக்கும். இருமல் வந்தால் கவனிக்காமல் விடுகிற ஆள் அவன்.

லுத்பி

*

பிஸெர்ட், 23 மே 1999

அன்புள்ள லுத்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். கடிதம் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. கல்யாண சீசன். மருதாணி இரவுகளில் பெண்கள் பகுதிக்குள் போய்ப் படம் எடுக்க என்னை விட்டால் ஸ்டூடியோவில் ஆள் இல்லை. கேமரா தூக்கித் தூக்கித் தோள் இறங்கிவிட்டது.

எழுத வேண்டாம் என்று நீ சொன்னவனைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போ. மாத்தர் அண்ணன்கள் மாமன் மகளைப் பேசி முடித்துவிட்டார்கள். பத்தொன்பது வயதுப் பெண். மறுத்தால் ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லி, கையைக் காலை உடைத்துப் பாலத்திலிருந்து இழுத்துப் போவோம் என்று மூத்தவன் சொல்லியிருக்கிறான். ஷாதுலி சாப்பாட்டை விட்டுவிட்டான். ஒருநாள் நான் கால்வாய் ஓரமாக வரும்போது பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றான். அவன் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "ஷாதுலி, பசிக்குது, லப்லாபி வாங்கிக் குடு" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். லப்லாபிக் கிண்ணத்துக் கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக எண்ணித் தின்றான்.

அந்தச் சம்பந்தம் இப்போது இல்லை. அண்ணன்கள் வருவதும் நின்றுவிட்டது. எப்படி என்று கேட்காதே. நடந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணும் தப்பித்தாள்.

நான் வீடு மாறிவிட்டேன். பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டு அறை, பெரிய சமையலறை. ஜன்னலில் கடல் தெரியாது, வாசம் வரும். பெரியம்மாவிடம் போனில் பேசினால் வீட்டுச் சங்கதி அதிகம் கேட்காதே. அவருக்குப் பேச்சு நீளும்.

சுகமாயிரு.

எம்னா

*

மார்செய், 11 ஜூலை 1999

எம்னா,

நேற்று அம்மாவோடு பேசினேன். "உனக்குத் தெரியாதாடா? நம்ம எம்னாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சு! அந்தப் பாலத்துக்காரப் பையன்தான். உன் கூட்டாளிதானே, ஒரு வார்த்த சொல்லலயா உன்கிட்ட?" என்று கேட்டார். சந்தோஷத்தில் குலவை போட்டுக் காட்டினார். நான் ரிஸீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சமையலறை பெரிது என்று எழுதினாய். கடல் வாசம் வரும் என்று எழுதினாய். அந்த வீட்டில் யார் தூங்குகிறார்கள் என்று எழுதக் கை வரவில்லை, இல்லையா?

கட்டிக்கொள்ளச் சொல் என்று எழுதினேன், உண்மைதான். யாரோ ஒரு முகம் தெரியாத பெண்ணை நினைத்து எழுதினேன். நீ எப்போதும் எங்கள் நடுவில் நடந்தவள். கடைசியில் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு என் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். ஸ்டூடியோவில் உங்களை யார் படம் எடுத்தது? நீயே எடுத்துக்கொண்டாயா?

பதில் வேண்டாம்.

லுத்பி

*

மார்செய், 19 செப்டம்பர் 1999

அன்புள்ள எம்னா,

வேண்டாம் என்று சொன்னால் நீ உண்மையாகவே எழுதாமல் இருந்துவிடுவாய் என்று நினைக்கவில்லை. தய்யிப் அண்ணன் கோடை முழுக்க வெறுங்கையோடு வந்து போகிறார். "எம்னா ஏதாச்சும் குடுத்தாளா?" என்று கேட்டால், "அது உன்கூட என்னமோ கோவத்துல இருக்குடா, நான் சமையக்காரன், என்னை இழுக்காதே" என்கிறார்.

சுகமாக இருக்கிறாயா? அதை மட்டும் சொல். அம்மா போனில் நீ இளைத்துவிட்டாய் என்கிறார்.

லுத்பி

*

பிஸெர்ட், 4 அக்டோபர் 1999

லுத்பி,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

எம்னா உன் ஜூலைக் கடிதத்தை என்னிடம் காட்டவில்லை. நேற்று அவளுக்குக் காய்ச்சல். தலையணையை உதறிப் போடும்போது என் கையில் அகப்பட்டது. படித்தேன். அவள் சொல்லமாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

அன்று அவள் என்னை லப்லாபிக் கடைக்கு இழுத்துப்போனாள். சாப்பிட்டு முடித்ததும் சர்வசாதாரணமாக, "ஷாதுலி, என்னைக் கட்டிக்கோ" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? நான் யாருன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சதாலதான் பேசறேன். அந்தச் சின்னப் பொண்ணுக்குத் தெரியாது. அவள ஏன் அழ வைக்கணும்? எனக்கு முப்பத்திநாலு வயசாச்சு, என் அம்மா யார் வந்தாலும் சரின்னு உக்காந்திருக்கா. உன் அண்ணனுங்களுக்கு ஒரு கல்யாணம் வேணும். குடுத்துட்டாப் போச்சு."

"லுத்பி?"

"அவன் திரும்பிப் பாக்கற வரைக்கும் நீ உயிரோட இருக்கணும்ல? அவன்கிட்ட நான் மெதுவா சொல்லிக்கறேன். இப்ப சொன்னா அங்க தனியா உக்காந்து உருகுவான்."

இதுதான் நடந்தது. எனக்கு ஓர் அறை, அவளுக்கு ஓர் அறை. அண்ணன்கள் நிக்காஹ்வுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டு, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள்.

இன்னொன்று. மன்ஸில் பூர்கீபாவில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஹிஷாம் என்பவர் ஒரு வருடமாக அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். எம்னாவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. தன் தங்கை கல்யாணப் படங்களை வாங்கிப் போகும் சாக்கில் தனித்தனியாக நான்கு தடவை வந்தாராம். அதைச் சொல்லிச் சிரிப்பாள். என்னைக் கட்டிக்கொள்ளச் சொன்ன அதே வாரம் அவரிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு இது அவள் அம்மா சொல்லித்தான் தெரியும், அதுவும் கல்யாணம் முடிந்த பிறகு.

நீ அவளுக்கு எழுதிய வரிகளை நான் மறக்க மாட்டேன். உன்னை மறந்துவிடச் சொன்னாய், அதுவும் என்னால் முடியவில்லை.

ஷாதுலி

*

மார்செய், 28 நவம்பர் 1999

என் எம்னா,

எழுதி எழுதிக் கிழித்தேன். மன்னித்துவிடு என்று எழுதினால் நீ "சரி விடு" என்பாய், அது எனக்குப் போதாது. திட்டு. தய்யிப் அண்ணனிடம் செருப்பைக் கொடுத்தனுப்பு.

காய்ச்சல் போயிற்றா? அவன் கடிதம் வந்த அன்று சலவைக்கூடத்தில் துணிக் குவியலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். மேற்பார்வைக்காரி ஆவி பட்டுவிட்டது என்று நினைத்து ஐஸ் கொண்டுவந்தாள்.

ஒரு செய்தி. செய்தியாக மட்டும் எடுத்துக்கொள். இந்த நாட்டில் இந்த மாதம் ஒரு சட்டம் வந்திருக்கிறது. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதாக நீதிமன்றத்தில் பதிந்துகொள்ளலாம். ஒருவர் வெளிநாட்டுக்காரராக இருந்தாலும் பதியலாம், பிறகு குடியிருக்கும் அனுமதி கேட்கலாம் என்கிறார்கள். இங்கே இதற்கு உதவுகிற சங்கத்தில் ஒரு வயதான அம்மாள் இருக்கிறார், விசாவுக்கு அழைப்புக் கடிதம் கொடுக்கிறேன் என்றார். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "உங்க ஆள் கல்யாணமாகாதவர்தானே?" என்றார். கல்யாணமானவர் பதிய முடியாதாம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை, எம்னா. உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை.

உன் லுத்பி

*

பிஸெர்ட், 2 ஜனவரி 2000

அன்புள்ள லுத்பிக்கு,

நோன்பின் கடைசி நாட்கள். பெருநாள் வாழ்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் அன்றைக்கே போய்விட்டது. செருப்புக் கொடுத்தனுப்பவில்லை, நல்ல செருப்பு.

எங்கள் நோன்புக் கதையைக் கேள். ஷாதுலிக்குப் பிரிக் பொரிக்கக் கற்றுக்கொடுத்தேன். மாவை மடித்து, முட்டையை உள்ளே உடைத்து ஊற்றி, எண்ணெயில் விட வேண்டும். அவன் விட்டால் முட்டை மட்டும் எண்ணெயில் நீந்தும், மாவு கையிலேயே இருக்கும். கீழ்வீட்டு ஸக்கிய்யா அக்கா எட்டிப் பார்த்து, "உன் புருஷன் அடுப்படிக்கு வரான், என் புருஷனுக்கு அடுப்படி எங்கன்னே தெரியாது. மாத்திக்கலாமா?" என்கிறாள். ஷாதுலி உள்ளிருந்து, "அக்கா, உங்க வீட்டுக்காரர் ரொம்பக் குறட்டை விடுவாரே, எம்னா தாங்கமாட்டா" என்று கத்தினான்.

சாயங்காலம் பாலத்திலிருந்து வரும்போதே பேசிக்கொண்டு வருவான். இன்றைக்கு எந்தக் கப்பல், எந்தக் கொடி, எந்த மாலுமி கூண்டைப் பார்த்துக் கையசைத்தான், மேலே தூக்கிய பாலத்தின் முன்னால் எந்த மாப்பிள்ளை ஊர்வலம் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. நான் பகல் முழுக்க மணப்பெண்களைச் சிரிக்கச் சொல்லிவிட்டு வருகிறேன். வீட்டில் என்னைச் சிரிக்கச் சொல்ல யாரும் தேவையில்லை.

மீன் குஸ்குஸ் உனக்கு இரண்டு தடவை எடுத்து வைத்தோம், பழக்கதோஷத்தில். பிறகு ஸக்கிய்யா அக்காவுக்குக் கொடுத்தோம்.

சட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தோம்.

எம்னா

*

பிஸெர்ட், 26 மார்ச் 2000

அன்புள்ள லுத்பிக்கு,

நீ சுகமா? இங்கே சுகம். முடிந்துவிட்டது. அதனால்தான் நடுவில் எழுதவில்லை. பாதியில் எழுதினால் என் கை எந்தப் பக்கம் போகுமோ என்று பயமாக இருந்தது.

பெருநாள் கழிந்து ஒரு காலையில் ஷாதுலி காபி குடித்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு வக்கீலைப் பாக்கலாம்" என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் கேக்கலயே எம்னா" என்றான். "அவனும் கேக்கல, நீயும் கேக்கல. ரெண்டு பேரும் ரொம்ப மரியாதக்காரங்க. அப்ப நான்தான் சொல்லணும்" என்றேன். அவன் எழுந்து வந்து என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். காபி ஆறிப்போயிற்று.

இருவரும் சம்மதித்துப் பிரிவதாக மனுப் போட்டோம். ஆனாலும் சேர்த்துவைக்கப் பார்ப்பது நீதிபதியின் கடமையாம். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. ஷாதுலியை வெளியே நிறுத்திவிட்டு என்னைத் தனியாகக் கேட்டார்.

"அடிக்கிறாரா?"

"இல்லீங்க."

"குடி?"

"பெருநாளுக்கு ஒரு தடவ மாதுளை சர்பத் குடிச்சாரு."

"விளையாடாதேம்மா. வேற பொண்ணு யாராச்சும்?"

"சத்தியமா இல்லீங்க."

"வீட்டு வேலை?"

"பாத்திரம் அவர்தான் கழுவுவாரு."

பேனாவை வைத்துவிட்டார். "என் பத்து வருஷத்துல இப்படி ஒரு புருஷன நான் கேள்விப்பட்டதில்ல. இவர ஏம்மா விடறே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, லுத்பி. வருமென்று நினைக்கவில்லை. "அவருக்கு என்னோட இருந்தா வாழ்க்கை இல்லீங்க" என்றேன். பிள்ளை விஷயம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, கேள்வியை நிறுத்திவிட்டார். ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. குறை என்னிடம் என்று. அப்படியே இருக்கட்டும், அது அவனுக்குப் பாதுகாப்பு. அம்மா மட்டும் என்னோடு பேசுவதில்லை. பாவம், அவருக்கு அவன்மேல் உயிர்.

இப்போது அவன் சட்டப்படி தனி ஆள். விசாவுக்குக் காத்திருக்கிறோம். அண்ணன்களிடம், கப்பல் கம்பெனி வேலைக்குப் போகிறான் என்று சொல்லியிருக்கிறது.

உன் அறையில் இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் இருப்பதே போதும்.

எம்னா

*

மார்செய், 18 ஜூன் 2000

எங்கள் எம்னா,

வந்து சேர்ந்துவிட்டான். கப்பலிலிருந்து இறங்கும் கூட்டத்தில் ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் ஒலிவ எண்ணெய் டின்னோடு நின்றான். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருடம் ஒத்திகை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போனதும் இருவரும் ஊர்ப்பழக்கத்தில் கைகொடுத்துக்கொண்டோம். பின்னாலிருந்து தய்யிப் அண்ணன், "இதுக்கா நான் இத்தன கடுதாசி சுமந்தேன்? போங்கடா, கட்டிப்பிடிங்கடா" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

நேற்று பதிந்துவிட்டோம். சங்கத்து அம்மாள் எங்களுக்கு இரண்டு ரோஜாப் பூ வாங்கி வந்தார். நீ நிற்க வேண்டிய இடத்தில் அவர் நின்றார்.

நீயும் வா, எம்னா. ஒரு மாதமாவது வந்து இரு. விசாவுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

எம்னா, நான் ஷாதுலி. அதே தாளில் மிச்ச இடத்தில் எழுதுகிறேன். இங்கே கப்பல்கள் பெரியவை, ஆனால் யாரும் பாலம் தூக்குவதில்லை. சுகமாகச் சாப்பிடு. துனிஸ் துறைமுகத்தில் நீ திரும்பிப் பார்க்காமல் போனாய். நான் மேல்தளத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன் இருவர்

*

பிஸெர்ட், 9 ஜூலை 2000

அன்புள்ள லுத்பிக்கும் ஷாதுலிக்கும்,

இருவரும் சுகமாயிருப்பதைப் படித்து மனம் குளிர்ந்தது. நானும் சுகம். அம்மா பேச ஆரம்பித்துவிட்டார். நேற்று "உப்பு எங்க?" என்றார்.

திரும்பிப் பார்த்திருந்தால் துனிஸிலிருந்து பஸ் ஏறி வந்திருக்க மாட்டேன், ஷாதுலி. அதனால்தான்.

லுத்பி, அவன் வாய் திறந்து கேட்கமாட்டான், அதனால் சொல்கிறேன். காலையில் காபி குடித்து முடிக்கும்வரை அவனோடு பேச்சுக் கொடுக்காதே. குளிர்காலத்தில் மார்புக்கு எண்ணெய் சூடு பண்ணித் தேய். மனது சரியில்லை என்றால் பாத்திரங்களைத் தேவையில்லாமல் கழுவுவான். தடுக்காமல் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடு, தானாகப் பேசுவான். ஷாதுலி, லுத்பி கோபத்தில் சொல்வதை அன்றைக்கு நம்பாதே. மறுநாள் வரை காத்திரு.

ஹிஷாம் போன மாதம் கல்யாணம் செய்துகொண்டார். படம் எடுக்க எங்கள் ஸ்டூடியோவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பெண்கள் பகுதிக்கு நான் போனேன். மணப்பெண் நல்ல மாதிரி, முகத்தில் கள்ளம் இல்லை. படங்கள் நன்றாக வந்திருக்கின்றன.

பெரியம்மா, "அவன் உன்ன விட்டுட்டு என் மகன்கிட்டப் போய் ஒட்டிக்கிட்டானாமே" என்று சண்டைக்கு வந்தார். "ரெண்டு பேரும் அங்க ஒருத்தருக்கொருத்தர் துணை பெரியம்மா" என்றேன். பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா சாப்பிடறானா என் புள்ள?" என்று கேட்டார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

லுத்பி, உனக்கு ஒரு சந்தேகம் இருக்கும், கேட்க மாட்டாய். நான் ஷாதுலியைப் புருஷனாக நினைத்து ஏங்கவில்லை. உன்னிடம் பொய் சொல்லி எனக்கென்ன? சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு, "எம்னா, இன்னிக்கு என்ன கப்பல் வந்துச்சு தெரியுமா?" என்று யாராவது கேட்பதற்குப் பழகிவிட்டேன். அதற்கு முன்னால் வருடக்கணக்காக நீ வந்து ஏதாவது கேட்பாய். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனாலும் எனக்கும் நீங்கள்தான் இருந்தீர்கள்.

மார்செய்க்கு வருவேன், இந்த வருடம் இல்லை. இப்போது வந்தால் நடுவில் நடக்கத் தோன்றும். அங்கே உங்களுக்கு அது தேவையில்லை.

ஒரே ஒரு வேண்டுதல். இந்த முறை மாதிரி இருவரும் ஒரே தாளில் எழுதி அனுப்பாதீர்கள். தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றை தய்யிப் அண்ணன் ஒரு பயணத்தில் கொண்டுவரட்டும், மற்றதை அடுத்த பயணத்தில். எனக்குக் கதவு இரண்டு தடவை திறக்கும்.

என்றும் உங்கள்,
எம்னா